ஆலய மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வேண்டும்

தென்னாப்பிரிக்கா, டோங்காட்டில் உள்ள நமது ஆலய நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்தக் கோரிக்கையை முன்பே கடிதமாக எழுதிக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. ஆகவே ஊரார் அனைவரும் படிக்கும்படி மீண்டும் எழுதுகிறேன். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், ஆலயத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரை, மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளத் திறந்துவிட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசலில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மண்டபத்தில் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் போட்டிக்காகத் திருமூலரின் நான்கு வரிப் பாடலை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் இயலாவிட்டால் ஓர் இனிய சொல். நான்கு வரியும் ‘யாவர்க்குமாம்’ என்றே தொடங்கும். அதே வேளையில் பக்கத்துச் சூலு மக்கள் குடியிருப்பான ஹம்பனாத்தியிலிருந்து ஒரு கோகோ, அதாவது சூலுப் பாட்டி, பேரனைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாளிகளோடு வந்து வாசலில் நின்றார். காவலாளி கதவைத் திறக்கவில்லை. அது அவர் குற்றமல்ல, அவருக்கு இடப்பட்ட உத்தரவு. ஆனால் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து போய், “இது கோயில், தண்ணீர் டிப்போ இல்லை” என்று சொன்னது மண்டபம் வரை கேட்டது. வயதில் அவருடைய தாயாரைவிட மூத்த பெண்மணியிடம் அப்படிச் சொன்னார். தண்ணீர் தர முடியாதென்றே வைத்துக்கொள்வோம். பாடலின் நான்காம் வரிக்குக் கிணறு வேண்டாம், மோட்டார் வேண்டாம், பணமும் வேண்டாம். அதைக்கூட அந்த அம்மையாருக்கு நாம் கொடுக்கவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். நமது ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, பல மாதங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆலயத்தில் கிணறு தோண்ட நன்கொடை கேட்டு நீங்கள் வீடு வீடாக வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஊருக்கு உதவும் என்று சொல்லித்தான் கேட்டீர்கள். ஊரும் அதை நம்பித்தான் கொடுத்தது. இப்போதும் குழாய் உடைந்தது, பம்பு நின்றது, மின்சாரம் போனது என்று ஏதாவது ஒரு காரணத்தால் தண்ணீர் நின்றுவிடுகிறது. எப்போது திரும்ப வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. ஆலயத்தின் பச்சை ஜோஜோ தொட்டி மட்டும் எப்போதும் நிறைந்திருக்கிறது.

ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நமது ஆலயத்துக்கு வருகிற ஒரு வயதான ஆயா இருக்கிறார். பெயர் வேண்டாம், உங்களில் பலர் அவர் கையால் ஆடிக் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். படுக்கையிலேயே எல்லாம் ஆகிவிடும் மனிதருக்கு நாளுக்கு எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருக்கும், அந்தத் துணியை அலச எத்தனை வாளி வேண்டும் என்பது நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும், எந்தத் தெருவில் நிற்கும் என்பது லாரி வந்த பிறகுதான் தெரிகிறது. கணவரைத் தனியே விட்டுவிட்டு ஓடினால், வரிசை அதற்குள் நீண்டிருக்கும். இளைஞர்கள் டிரம்களோடு முன்னால் நிற்பார்கள். இருபது லிட்டர் வாளி என்றால் இருபது கிலோ. அவரால் அதைத் தூக்கி மேட்டில் ஏற முடியாது. பாதி வாளி பிடித்துக்கொண்டு, நாலு வீட்டுக்கு ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பாதி வாளியில் முதலில் சமைக்கும் தண்ணீரை எடுத்து வைப்பார். அடுத்தது கணவரைத் துடைக்க. துடைத்த தண்ணீரிலேயே துணியை நனைப்பார். அதே தண்ணீர் கழிவறைக்குப் போகும். தான் குளிப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். குளிக்காமல் அம்மன் முன்னால் எப்படி நிற்பது என்றார். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் ஆலயத்தின் தொட்டி தெரியும்.

ஆலயக் குழாயைக் கேட்டால் அவருக்கு மட்டும் பின்பக்கமாகக் கொடுப்பதாகச் சொன்னீர்களாம். அவர் மறுத்துவிட்டார். தெருவே வாளியோடு நிற்கும்போது தான் மட்டும் பின்வாசலில் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகையால்தான் மதிலுக்கு வெளியே, எல்லாருக்கும் என்று கேட்கிறேன்.

உங்கள் தயக்கங்களும் என் காதுக்கு வந்திருக்கின்றன. மோட்டாருக்கு மின்கட்டணம் ஏறும் என்கிறீர்கள். மாதக் கட்டணத்தில் கூடும் தொகையை எங்கள் வகுப்புப் பெற்றோர்கள் பகிர்ந்து கட்டத் தயாராக இருக்கிறார்கள், எழுதியும் தருகிறோம். கூட்டம் கூடினால் தகராறு வரும் என்கிறீர்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது தயக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஹம்பனாத்திக்காரர்கள் மீதான அச்சம். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மதில் உயர்ந்தது, மின்கதவு வந்தது. அந்த அச்சத்தை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன். என் தெருவிலும் ஆண்கள் விடியவிடியக் காவல் நின்றார்கள். ஆனால் அடுத்த ஆண்டு வெள்ளம் வந்தபோது ஹம்பனாத்திப் பெண்களும் நம் பெண்களும் ஒரே லாரிக்குப் பின்னால்தான் நின்றோம். என் வாளியை ஒருமுனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்தவர் பெயர் தெரியாத ஒரு சூலுப் பெண். வாளியோடு வரும் ஒரு கிழவியையும் அவள் பேரனையும் கண்டு அஞ்சுவதற்கு நம்மிடம் எந்தக் காரணமும் இல்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கோபுரத்துக்கு வண்ணம் பூச இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண்டபத் தரைக்குப் புதிய கல் போட்டாயிற்று. பிள்ளைகளின் ஒப்புவித்தல் போட்டிக்கு ஆண்டுதோறும் கோப்பைகள் வாங்குகிறோம். அறத்தைப் பற்றிய பாடலை உச்சரிப்புப் பிசகாமல் சொன்னவருக்குப் பரிசு தரும் நாம், அந்த அறத்தைச் செய்ய வாசலில் வாய்ப்பு வந்து நின்றபோது கதவைச் சாத்துகிறோம். பிள்ளைகள் தமிழ் படிக்க வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருந்துகிறீர்கள். வருகிற பிள்ளைகள் அன்று கண்ணால் பார்த்ததை நான் எந்தப் பாடத்தால் அழிப்பேன்?

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் மதராசிலிருந்து நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய நம் முன்னோரில் ஆண் ஒருவருக்கு முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புக்காட்டு ஓரத்தில், களிமண்ணாலும் தகரத்தாலும் நம் முதல் கோயில்களைக் கட்டினார்கள். பங்கீடாகக் கிடைத்த அரிசியும் பருப்புமே போதாத வாழ்க்கை அது. அந்த வாழ்க்கையில் இருந்தும் ஒரு பிடி எடுத்து வைத்தவர்களின் கொடைதான் இன்று நம் கையில் இருக்கிறது. திருமூலரும் பெருந்தானம் எதையும் கேட்கவில்லை. ஓர் இலை, ஒரு வாய், ஒரு பிடி. உண்ணும்போது என்கிறார். உண்பது அன்றாடம் என்பதால் கொடுப்பதும் அன்றாடம். ஆண்டுக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் அண்டா அண்டாவாகக் கஞ்சி ஊற்றுவது நல்லதுதான், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும் மற்ற நாட்களில் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இல்லையென்றால், அந்தக் கஞ்சி நம்மை நாமே திருப்திப்படுத்திக்கொள்ளும் திருவிழாவாகிவிடும்.

குரலை உயர்த்திவிட்டேன், பெரியோர் பொறுத்தருள வேண்டும். கேட்க வந்ததற்கே திரும்புகிறேன்.

தெருவைப் பார்த்த மதிலில், தொட்டியிலிருந்து ஒரு குழாய் இழுக்க வேண்டும். பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். மாநகராட்சித் தண்ணீர் நிற்கும் நாட்களில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். ஆளுக்கு இரண்டு வாளி என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாதபோது மோட்டார் ஓடாது என்பதால், தொட்டியில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் அபிஷேகத்துக்கும் மடப்பள்ளிக்கும் நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் யாரும் குறை சொல்லமாட்டோம். நீரைச் சோதித்துப் பார்த்து, குடிக்கலாமா, காய்ச்ச வேண்டுமா என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதி மாட்ட வேண்டும். சூலு வாசகத்தை எழுதித் தர ஹம்பனாத்தி ஆசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். குழாய் வேலை தெரிந்த பெற்றோர் இருவர் கூலி வாங்காமல் செய்து தருவார்கள்.

தள்ளாத முதியவர்களும் தூக்க இயலாதவர்களும் வரும்போது வாளியை வீடு வரை கொண்டுபோய்க் கொடுக்க, மூத்த வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை இம்மடலோடு செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். என்னைப் பேச அழைத்தால் வருவேன். அந்த ஆயாவையும் அழையுங்கள். அவர் வரும் நேரத்தில் அவருடைய கணவர் பக்கத்தில் நான் ஒருவரை உட்கார வைக்கிறேன். முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற கோகோவிடம் குழுவின் சார்பில் யாரேனும் சென்று வருத்தம் தெரிவிக்கவும் வேண்டும். வீடு எனக்குத் தெரியும், உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆலயத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
டோங்காட்