பேத்திக்கு ஆசி சொல்லும் முன்

பிரோவோ, யூட்டா

அன்புள்ள மகளுக்கு,

நம் பிற்காலப் பரிசுத்தவான்கள் (மார்மன்) சபை வழக்கப்படி குழந்தைக்குப் பெயரிட்டு ஆசி கூறும்போது பரலோகத் தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டதையும், உங்கள் வார்டில், அதாவது உங்கள் பகுதிச் சபையில், ஒரு பெரியவர் "அதெல்லாம் புதிதாக வந்த பெண்ணியப் பேச்சு" என்று தடுத்ததையும் எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

எது புதிது? நம் ஆரம்பகாலச் சபைக் கவிஞர் எலைசா ஸ்னோவின் கவிதை 1845 நவம்பரில், அப்போது நம் மக்கள் வாழ்ந்த நாவூ நகரில் அச்சானது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டு அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பரலோகத்தில் நமக்குத் தகப்பன் இருந்தால் தாயும் இருக்கத்தானே வேண்டும் என்று அதில் கேட்டு, இருக்கிறார் என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். இன்றும் அது நம் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெரியவரும் பாடியிருப்பார். 1909-இல் சபையின் உச்சத் தலைவர்களான பிரதான தலைமை வெளியிட்ட அறிக்கையில் எல்லோருக்கும் பொதுவான தகப்பனும் தாயும் வருகிறார்கள். 1995-இல் சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனத்தில் 'பரலோகப் பெற்றோர்' என்றே இருக்கிறது. 2019 முதல் வாலிபப் பெண்கள் தங்கள் வகுப்பில் எழுந்து நின்று, தாங்கள் பரலோகப் பெற்றோரின் மகள்கள் என்று சொல்கிறார்கள்.

பெண்ணியம் என்ற சொல்லுக்கும் நீ கூச வேண்டாம். யூட்டா பெண்களுக்கு 1870-லேயே ஓட்டுரிமை கிடைத்தது. 1872-இல் சால்ட் லேக் சிட்டியில் நம் சபைப் பெண்கள் சொந்தமாக எக்ஸ்போனன்ட் என்ற பத்திரிகை நடத்தினார்கள். நீ இருக்கும் பாஸ்டன் பக்கம்தான் 1974-இல் அதே பெயரை எடுத்து மறுபடி ஒன்றைத் தொடங்கினார்கள்.

பயம்தான் பிந்தி வந்தது. 1991-இல், அப்போது பிரதான தலைமையில் இருந்த கார்டன் ஹிங்க்லி, பரலோகத் தாயை நோக்கி ஜெபிப்பது தகாது என்றார். அந்தத் தாய் இருக்கிறார் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் 1993 செப்டம்பரில் சபையைப் பற்றி எழுதியும் பேசியும் வந்த ஆறு பேர் மீது சபை நடவடிக்கை வந்தது. அவர்களில் பெண்களின் அதிகாரம் பற்றிய நூலைத் தொகுத்த மாக்ஸீன் ஹாங்க்ஸ் சபையிலிருந்து நீக்கப்பட்டார். தாயாகிய தெய்வத்தைப் பற்றி எழுதிய ஜானிஸ் ஆல்ரெட் 1995-இல் நீக்கப்பட்டார். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? பரலோகத் தாய் மிகவும் பரிசுத்தமானவர், அதனால்தான் பேசுவதில்லை என்று எல்லோரும் சொல்லப் பழகிவிட்டார்கள். தன் பிள்ளைகள் தன் பேச்சையே எடுக்காமல் இருப்பது எந்தத் தாய்க்கு மரியாதை? 2011-இல் நம் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்விதழில் இரண்டு பேர் தலைவர்கள் சொன்னதையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். அப்படி மௌனம் காக்கச் சொல்லும் போதனை எதுவும் கிடைக்கவில்லை. 2022 சபை மாநாட்டில் அப்போஸ்தலர்களில் ஒருவரான மூப்பர் ரென்லண்ட், தெரியாததை ஊகிக்க வேண்டாம் என்று எச்சரித்தார். சரி, ஊகிக்க வேண்டாம். தெரிந்ததையாவது சொல்லலாமே.

எனக்கு ஒரு கவலை உண்டு. ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்), பெண்களுக்குத் தாய்மை என்று பங்கு பிரிப்பவர்கள் பரலோகத் தாயையும் அதற்கே சாட்சியாக இழுக்கிறார்கள். தாய்மைக்கு இணை தகப்பன் ஸ்தானம்தான், ஆசாரியத்துவம் இல்லை. அப்படிப் பிரித்தால் கல்யாணமே ஆகாத உன் சித்தி எங்கே நிற்பாள்? நமக்கு அந்தத் தாயைப் பாடிக் கொடுத்த எலைசாவுக்கே பிள்ளைகள் இல்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஆசி விஷயம். ஆசி கூறக் குழந்தையைச் சுற்றி நிற்கும் வட்டத்தில் ஆண்கள் மட்டும் நிற்பார்கள், பத்து மாதம் சுமந்த நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். அது உனக்கு வலிக்கிறது என்று எழுதினாய். எனக்கும் வலிக்கிறது. ஒரு காலத்தில் நம் பெண்கள் நோயாளிகளின் தலையில் கை வைத்து ஆசி சொன்னார்கள். பிரசவத்துக்கு முன் கர்ப்பிணியைக் கழுவி, எண்ணெய் பூசி, அவள் உடம்பின் ஒவ்வோர் அங்கத்துக்கும் நலம் வேண்டினார்கள். எலைசாவும் செய்தார், நம் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராகச் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கி, 1946-இல் சபைத் தலைமையிலிருந்து வந்த ஒரு கடிதத்தோடு அது நின்றுபோனது. உன்னைச் சுமந்தபோது எனக்கு அப்படி யாராவது செய்திருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல்: பரலோகப் பிதாவை விளித்து, ஆசாரியத்துவ அதிகாரத்தைச் சொல்லி, பெயரை அறிவித்த பிறகு வரும் வார்த்தைகள் ஆவியானவர் உணர்த்துகிறபடி அவர் சொல்வதுதான். "உன் பரலோகப் பெற்றோர் உன்னை அறிந்திருக்கிறார்கள்" என்று அவர் தயங்காமல் சொல்லட்டும். பிரகடனத்தில் இருக்கும் சொல்லை யாரும் குறை சொல்ல முடியாது. அப்பாவும் வட்டத்தில் நிற்பார், அவரிடமும் பேசிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில், நீ குழந்தையை மடியில் வைத்து, ஒரு தாயாக உன் விசுவாசத்தில் என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதைக் கேள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நீ சரி என்றால் நானும் பக்கத்தில் இருக்கிறேன். வேண்டாம் என்றால் சமையலறையில் இருப்பேன், வருத்தப்பட மாட்டேன். எப்படி என்று முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
அம்மா