மாலை ஐந்தரை மணி

பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா,
பொங்கல் கழிந்த நான்காம் நாள்.

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம். பசியாறிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதித் தந்தது என்று நினைத்துவிடாதே. என் கைதான், அதுவும் வலது கை. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று எழுதிச் சேர்க்கிறேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. கடிதம் என்று உட்கார்ந்தால் எனக்குப் பழைய பெயர்தான் வருகிறது.

பொங்கலன்று போனில் நீ சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. அப்பா மாறிவிட்டார் என்று நான் சொன்னதும், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா அம்மா? அவருக்கோ அறுபத்தொன்பது" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னைச் சமாதானம் செய்ய எழுதவில்லை. அவர் என் தலைமுடியைப் பிடித்து வீட்டு முன் அஞ்சடித் திண்ணைக்கு இழுத்து வந்த இரவில் கதவோரம் நின்றவள் நீ. ஒன்பது வயது உனக்கு. அது நடக்கவில்லை என்றோ, போகட்டும் என்றோ சொல்ல எனக்கே உரிமை இல்லை. நீ போன பிறகு நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பக்கவாதம் வந்தபோது லண்டனிலிருந்து ஓடி வந்தாய். கிள்ளானில் உன் தம்பி வீட்டில் தங்கி, மருத்துவமனைக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாய். அதற்கப்புறம் எனக்குப் பயிற்சி தொடங்கினார்கள். சொல்லிக் கொடுத்தது ஒரு மலாய்ப் பெண், சின்னவள். ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த தட்டில் போடச் சொன்னாள். இடது கை உதவிக்கு வராமலிருக்க அதற்குத் தடிமனான உறை ஒன்றை மாட்டிவிட்டாள். நல்ல கை சும்மா இருந்தால்தான் சோர்ந்த கைக்கு வேலை வரும், வேலை வந்துகொண்டே இருந்தால் மூளை அந்தக் கைக்கு வேறு வழி தேடிக்கொள்ளும் என்றாள். நீ தாதி, இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் புதிது. பதினான்கு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கை அது. ஒரு கடலையை எடுக்க முடியாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்த அன்று மாலை ஐந்தரை மணிக்கு உன் அப்பா ஒரு தாளும் பென்சிலுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு கடலைக்கு ஒரு கோடு போட்டார். ஐந்தரை எந்த நேரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும் நேரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு அவர் கால் தானாக அங்கே நடந்தது. மாரியம்மன் முன்னால் எத்தனை சத்தியம் செய்தார்! தீகூட மிதித்தார். ஒன்றும் அடுத்த சம்பள நாளைத் தாண்டியதில்லை. இந்தத் தடவை சத்தியமே செய்யவில்லை. முதல் நாள் மூன்று கோடு. என் கையும் நடுங்கியது, குடி நின்றதால் அவர் கையும் நடுங்கியது. நடுக்கம் அதிகமானபோது தம்பி கிளினிக்குக்கு அழைத்துப் போய் மருந்து வாங்கிக் கொடுத்தான். ஒரு மாதத்தில் இருபது கோடு வந்தது.

இரண்டாம் வருடத் தீபாவளிக்கு மறுநாள் குடித்துவிட்டு வந்தார். மறைக்காமல் சொல்கிறேன். சத்தமில்லை, கை ஓங்கவில்லை. வாசலிலேயே படுத்துக்கொண்டார். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஐந்தரைக்குத் தாளோடு வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடலையை எடுக்கத் தொடங்கினேன்.

தம்பி இதைப் பற்றியெல்லாம் தேடிப் படித்து எனக்குச் சொல்கிறான். வளர்ந்தவர்களின் மூளை இறுகிப்போனது, இனிமேல் அதில் மாற்றம் வராது என்றுதான் மருத்துவம் படித்தவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்களாம். நீ இருக்கும் லண்டனில் டாக்சி ஓட்ட வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டுமாமே. அதற்குப் படிக்கத் தொடங்கிய 79 பேரின் மூளையை முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தேர்ச்சி பெற்றது 39 பேர். அவர்களுக்கு மட்டும், இடங்களை நினைவில் வைக்கும் பகுதி வளர்ந்திருந்தது. 2011-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. அவர்கள் உழைக்கிற வயதுக்காரர்கள், எங்கள் கதை வேறு என்றேன். உடனே இன்னொன்றைச் சொன்னான். ஜெர்மனியில் 50 வயதிலிருந்து 67 வயது வரை உள்ளவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க மூன்று மாதம் பழக்கினார்களாம். இளையவர்களைப் போல எல்லோருக்கும் கைவரவில்லை. கைவந்தவர்களின் மூளையில் சில இடங்கள் வளர்ந்திருந்தன. பந்தைக் கீழே போட்டுவிட்டு மூன்று மாதம் சும்மா இருந்ததும், வளர்ந்தது திரும்பச் சுருங்கிவிட்டது. அது 2008-ல் வெளிவந்த ஆராய்ச்சி.

சுருங்கிவிட்டது என்று கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது, செல்வி. ஒரே நாளில் வேறு மனிதர் ஆகிவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படிச் சொல்லி எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன். தினமும் செய்தால் இருக்கும், விட்டால் போய்விடும் என்பது நான் வீட்டில் பார்க்கிற கணக்கு. என் விரல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் நாங்கள் கடலையை நிறுத்தவில்லை. அது யாருக்காக என்று நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

நானும் ஒரு காலத்தில் உன்னைப் போலத்தான் பேசினேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு இந்த நாட்டின் முதல் தோட்டம் நம் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான், 1917-லேயே தொடங்கியது. நம் தோட்டத்தில் செம்பனை நடப் பால்மரங்களைச் சாய்த்தபோது எனக்கு 41 வயது. இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரை நிரையாக வெட்டியவளுக்குச் செம்பனை என்ன தெரியும், என்னால் ஆகாது என்று கங்காணியிடம் அழுதேன். இரண்டு வருடத்தில் கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே மேலே குலை எப்படிப் பழுத்திருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். வேலையைக் கற்றுக்கொள்வதும் குணத்தை மாற்றிக்கொள்வதும் ஒன்றல்ல என்பாய். சரிதான். இரண்டாவது கடினம்.

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க எனக்கு இன்னும் வரவில்லை. பின்னல் போட முடியாது. ஒரு நாள் அவர் தானாகச் சீப்பை எடுத்தார். சிக்கெடுக்கத் தெரியாமல் மேலிருந்து இழுத்துவிட்டார். என் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. எனக்கே தெரியாமல் இரண்டு கையும் தலையைப் பொத்தப் போனது. அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்து, "நுனியிலிருந்து தொடங்க வேண்டுமாமே? அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்கிறாள்" என்றார். இப்போது தினமும் அவர்தான் பின்னுகிறார். பின்னல் தளர்வாக இருக்கும். கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

பயத்தினால் செய்கிறாரா, பாசத்தினாலா என்று நீ கேட்பாய். நான் இறந்துபோனால் தனியாகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு உண்டு. அது மட்டுமல்ல என்று நான் நம்புகிறேன்.

பால்மரத்தில் பட்டையைச் சீவினால் சில வருடத்தில் புதுப்பட்டை வளரும். அதில் மறுபடி வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், கத்தி ஓடாது. அவர் உன்னிடம் கட்டை வரைக்கும் வெட்டியவர். அதே இடத்தில் மறுபடி பால் வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அவர் மாறியது அவருடைய வேலை. நீ மன்னிப்பது அதற்குக் கூலி அல்ல.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. மேசையில் என்ன எழுதுகிறாய் என்றார், கைப்பயிற்சி என்றேன்.

இங்கே ஐந்தரை என்றால் அங்கே காலை ஒன்பதரை. இரவு வேலை முடிந்து நீ வீட்டுக்கு வந்திருப்பாய். அந்த நேரத்தில் என் கையில் கடலை இருக்கும், போனை அவர்தான் எடுப்பார். பேச விருப்பமில்லை என்றால் "அம்மாவிடம் கொடுங்கள்" என்று சொல். கொடுத்துவிடுவார். போன வாரம் நீ கூப்பிட்டபோது, போன் அடிக்கும்போதே பென்சிலை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். மறக்காமல் சாப்பிடு.

அம்மா