கேட்டறிந்து செய்யும் ஜெபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில், மண்சரிவில் வீடிழந்து நிற்கும் மலையகத் தேயிலைத் தோட்ட மக்களுக்கு இப்போது வேண்டியது காணியே தவிர ஜெபமல்ல என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். கோபத்தோடு எழுதப்பட்ட கடிதம் அது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், எமது திருச்சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்புகளை எழுதி வாசிக்கும் பொறுப்பில் இன்றும் இருப்பவள் என்ற முறையிலும், இது குறித்து எனக்கும் சொல்ல இருக்கிறது.

2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே அதிக உயிர்களை இழந்தன. அதன்பின் சில வாரங்களாக இந்த மலைப் பாதைகளில் ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. உலர் உணவும் பாயும் போர்வையும் வந்தன. ஜெபக் குழுக்களும் வந்தன. அவர்களில் பலரை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு பாடசாலை மண்டபத்தில் நான் கண்டதையும் சொல்லியாக வேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாயின் தலையில் கைவைத்து, இந்த மலையின் பாவங்களைப் பொறுத்தருளும்படி உரத்த குரலில் ஜெபித்தார். உடன் வந்தவர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். அந்தத் தாயின் நெற்றியில் விபூதி இருந்தது. வந்தவர்களை வேண்டாம் என்று சொல்வது மரியாதையல்ல என்று நினைத்தோ என்னவோ, தலையைக் குனிந்தபடி நின்றார். அவர்கள் வேனில் ஏறிய பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், மூத்தவளோட பரீட்சை அட்டை மண்ணோட போயிருச்சு. இனி எழுத விடுவாங்களா?” என்று கேட்டார். புயலால் உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பெண்ணின் மனதை அப்போது அரித்துக்கொண்டிருந்த கவலை அது ஒன்றுதான். அவ்வளவு நேரம் அவருக்காக ஜெபித்தவர்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர்கள் கேட்கவில்லை.

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனைக் கூப்பிட்டு, தான் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டே சுகமாக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அவர் கேட்டதை நாம் கேட்காமல் தாண்டிப்போவது எந்த நியாயத்தில் என்பது எனக்கு விளங்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் பாவம் செய்யவில்லை என்று அவர் பதில் சொன்னதையும், மலையின் பாவத்தைப் பற்றி ஜெபித்தவர்கள் வாசித்திருக்கவே வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணில் புதையுண்டபோது, அந்தச் சரிவு அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. இதில் பாவம் என்று ஒன்று இருந்தால், அது இறந்தவர்களுடைய கணக்கில் எழுதப்பட வேண்டியதல்ல.

வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர் மூவரும் அவனோடு ஏழு நாட்கள் தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாட்களில் அவர்கள்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. வாய் திறந்து காரணம் கண்டுபிடிக்கப் புகுந்த பிறகுதான் அவனுக்குப் பாரமானார்கள்.

என்றாலும், ஜெபம் வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஒருவருடைய துன்பத்தை அவரிடமே கேட்டறிந்து, அவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறவருக்கு அந்தத் துன்பத்தை மறந்துவிடுவது கடினம். எங்கள் குறிப்புகளில் முன்பெல்லாம் ‘பாதிக்கப்பட்டோருக்காக’ என்ற ஒரே வரி இருக்கும். இப்போது நாங்கள் எழுதுபவை வேறு மாதிரி: லயனுக்குத் தனி விலாசம் இல்லாததால் தோட்டத்து ஆபிசில் தங்கிவிட்ட நட்டஈட்டுக் கடிதம், தனிச் சிங்களத்தில் வந்த படிவம், காணி உறுதி இல்லாத குடும்பத்திடம் உறுதியின் பிரதியைக் கேட்கும் உத்தியோகத்தர், வேலை நின்ற நாட்களுக்குப் பேர் விழாததால், அதாவது நாட்கூலி பதியப்படாததால், அடைக்க முடியாத கடைக் கடன். இவற்றை வைத்து ஒரு வாரம் ஜெபித்துவிட்டு, அடுத்த வாரம் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் இருப்பதற்கு மனம் இடங்கொடுக்காது. அந்த அன்பர் கேட்கும் காணி எங்கள் குறிப்பிலும் இருக்கிறது.

இது புதிதாக வந்த யோசனையுமல்ல. ஒருகாலத்தில் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டிருந்த இந்தத் தோட்ட மக்களுக்காகக் குரல் கொடுத்த அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்த இடம் அது. அவருடைய ஜெபத்தையும் வேலையையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்று அவரை அறிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. 1854இல் தோட்டங்களுக்காகத் தொடங்கப்பட்ட மிஷன் ஊழியத்துக்குத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரே பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தே போனார்கள். ஆனால் கூலியைப் பற்றித் துரையிடம் கேட்கக்கூடிய நிலையில் அவர்கள் இருக்கவில்லை. அந்தப் பயம் எங்கள் சபைகளை விட்டு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

சபையாரிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒருவருடைய நோயையோ கடனையோ குடும்பச் சண்டையையோ அவர் சம்மதமின்றி ஆராதனையில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் போடவும் வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்றார் ஆண்டவர். ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் லயத்தில் பூட்டுவதற்கு அறை ஏது? பக்கத்துக் காம்பராவுக்கு இருமல் சத்தம்கூடக் கேட்கிற இடத்தில் வாழ்கிறவர்களின் அந்தரங்கத்தையாவது நாம் பூட்டி வைக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்திய உபவாச காலமாகிய லெந்து நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. வழக்கமான உபவாச ஜெபங்கள் நடக்கட்டும். அவற்றோடு ஒவ்வொரு சபையும் தனக்கு அருகிலுள்ள ஒரு தோட்ட டிவிஷனையோ முகாமையோ பொறுப்பெடுத்து, தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த இருவரை வாரம் ஒருமுறை அங்கே அனுப்பினால் நல்லது. போகிறவர்கள் இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். விரும்புகிறவரோடு மட்டும் ஜெபிக்க வேண்டும். கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். எங்கள் ஐக்கியம் இதைச் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறது. தமிழ் எழுத ஆட்கள் போதுமானவர்கள் இருக்கிறார்கள். சிங்களப் படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்பத்தான் ஆள் தட்டுப்பாடு. தங்களுக்குக் கடிதம் எழுதிய அன்பருக்குச் சிங்களம் எழுத வருமானால், அவர் ஜெபிக்க வேண்டிய அவசியமில்லை. சனிக்கிழமை காலையில் எங்களோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பண்டாரவளை.