பின்கதவைத் தாழ் போடாத நானிமாவுக்கும் மற்றவர்களுக்கும்

இந்த வைகாசி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவோடு, அடிக்கிற புருஷனை விட்டு நானும் என் இரண்டு பிள்ளைகளும் தனியாக வந்து ஒரு வருஷம். யார் யாருக்கு நன்றி சொல்லணும் என்று பீடி சுற்றிக்கொண்டே கணக்குப் போட்டேன். யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், மீதிப் பேரிடம் நான் கேட்கவில்லை. குடியாத்தத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

முதலில் அங்கன்வாடி டீச்சர். சின்னவளுக்கு அப்போது நாலு வயது. பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, "மெதுவா பேசுய்யா, புள்ளைங்க முழிச்சிக்கும்" என்று கிசுகிசுத்தாளாம். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதே குரலில் சொல்லிக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அது என் வார்த்தை. அடி விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நான் சொல்வது. பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றே அத்தனை வருஷமும் நம்பியிருந்தேன்.

பெரியவனின் நாலாம் வகுப்பு டீச்சர் கவனித்தது வேறு. கடைசி பெல் அடிக்கிற நேரத்தில்தான் அவனுக்கு வயிற்றுவலி வருமாம். மற்ற பசங்க பையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவன் மட்டும் "போர்டு துடைக்கிறேன் டீச்சர்" என்று நிற்பானாம். துடைத்த போர்டையே திரும்பத் துடைப்பானாம். அவனை ஒரு வார்த்தை கேட்காமல், என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு டீச்சர்களும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, நாங்கள் நானிமா என்று கூப்பிடுகிறவர், அறிவுரை எதுவும் சொன்னதில்லை. ராத்திரியில் பின்கதவைத் தாழ் போடாமல் விட்டு வைப்பார், அவ்வளவுதான். பிள்ளைகள் இருட்டில் ஓடினால் டீயும் பொறையும் இருக்கும். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டதும் அவர் செல்லில்தான்.

அதற்கு முன்னால் ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் அண்ணனும் முதலில் அதையேதான் சொன்னார். பிறகு அவரே டெம்போ கொண்டுவந்து சாமான் ஏற்றினார், அதனால் அவருக்கும் நன்றி, கொஞ்சம் குறைவாக.

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் பார்த்த பாதுகாப்பு அலுவலர் அம்மாவை மறக்க மாட்டேன். மனுவை எழுதிக்கொண்டே, "அவர் அடிக்கும்போது குழந்தைங்க எங்க இருந்தாங்க?" என்றார். அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் பிள்ளைகளைத் தற்காலிகமாக அம்மாவிடம் ஒப்படைக்க நீதிபதி உத்தரவு போடலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகளுக்காகவே 1098 என்ற உதவி எண் இருப்பதும் அப்படித்தான்.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் அம்மா டீக்காசுகூட வாங்கவில்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் வைத்துத் தரணுமாம், இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். வழக்கை 60 நாளில் முடிக்கப் பார்க்கணும் என்கிறது சட்டம். எனக்கு ஏழு மாசம் ஆனது. ஆனாலும் இனி எங்கள்மேல் கை வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு வந்தது. அதை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம் என்று வக்கீல் அம்மா கோர்ட் வாசலிலேயே என் புருஷனுக்குக் கேட்கிற மாதிரி எனக்கு விளக்கினார்!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பெரியவன் தங்கச்சியை அறைந்தான். அப்பன் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லி அறைந்தான். அன்றைக்கு நான் அழுத மாதிரி என்றைக்கும் அழவில்லை. வேலூரில் மனநல டாக்டர், "அவன் கெட்டவன் இல்லம்மா, பார்த்ததைச் செய்யறான். வேற மாதிரி பார்த்தா வேற மாதிரி செய்வான்" என்றார். மாசக்கணக்கில் அவனோடு உட்கார்ந்து படம் வரைந்தார். முதல் படத்தில் வீட்டுக்குக் கதவே இல்லை. போன மாசம் வரைந்ததில் இரண்டு கதவு, ஒன்று பின்பக்கம்.

போன வாரம் டீச்சர் என்னைச் சந்தையில் பார்த்தார். பெல் அடித்து முடிவதற்குள் இவன் கேட்டைத் தாண்டிவிடுகிறானாம், போர்டு துடைக்க வேறு பையனைப் பிடிக்க வேண்டியிருக்கிறதாம். மன்னிச்சிக்குங்க டீச்சர்.