லடாக் சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் உங்கள் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. ஐந்து இரவு, ஆறு பகல், லே, நுப்ரா, பாங்காங் ஏரி, எல்லாம் அடக்கம். படங்கள் அழகுதான். அந்த நீலத்தைப் பற்றி நீங்கள் பொய் சொல்லவில்லை. எனக்குள்ள கேள்வி, அந்த ஏரிக்கரையில் எத்தனையாவது நாள் இரவு எங்களைப் படுக்க வைக்கிறீர்கள் என்பதுதான்.

டெல்லி 200 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. அங்கே விமானம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் இறங்கிவிடுகிறோம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஊரிலிருந்து கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் வெடிக்கிற மாதிரி உப்பி நிற்கும். உடம்பு பழக இரண்டு நாளாவது வேண்டும். நீங்களோ சில திட்டங்களில் இரண்டாம் நாளே பாங்காங் போடுகிறீர்கள்.

பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே ஏறக்கூடாது; முற்றினால் உடனே இறங்க வேண்டும். சரி, பாங்காங்கிலிருந்து எங்கே இறங்குவது? லேக்குத் திரும்பும் வழக்கமான பாதை சாங் லா கணவாய் வழியாகப் போகிறது. அது 5,300 மீட்டருக்கு மேல். நடுராத்திரியில் மூச்சுத் திணறும் ஒருவரை லேக்குக் கொண்டுவர, நடுவில் ஏரியைவிட ஆயிரம் மீட்டர் மேலே ஏற்ற வேண்டும்!

இது உங்கள் வழிகாட்டிகளுக்குத் தெரியாததில்லை. யார் சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள், யார் கால் தள்ளாடுகிறது என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டேதான் வருவார்கள். ஆனால் "இன்று ஏரி வேண்டாம்" என்று சொல்ல அவர்களால் முடிகிறதா? கூடாரத்துக்குப் பணம் கட்டியாயிற்று. வந்தவர் ஸ்டாரைக் குறைத்துப் போடுவார், அப்புறம் அடுத்த குழு கிடைக்காது. (நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "காசு கொடுத்திருக்கிறோம், கூட்டிப் போ" என்று சண்டைக்கு நிற்போம்.)

முதல் இரண்டு நாள் லேயிலேயே விடுங்கள். அடுத்து அல்ச்சி பக்கம் கூட்டிப்போங்கள். அது லேயைவிடத் தாழ்வு. பழைய பௌத்த மடத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன, வழியில் நிம்மு அருகே சிந்து, சன்ஸ்கார் ஆறுகள் கலப்பதைப் பார்க்கலாம். பிறகு நுப்ரா பள்ளத்தாக்கு. வழியில் கர்துங் லா என்ற உயரமான கணவாயைக் கடந்தாலும் அங்கே படுப்பது 3,100 மீட்டர் அளவில்தான். பாங்காங் கடைசியில் வரட்டும். இரண்டு இரவு கூடும், கட்டணமும் கூடும். கூட்டுங்கள், ஏன் என்று விளம்பரத்திலேயே போடுங்கள்.

உயரம் பற்றிய விஷயத்தில் வழிகாட்டி சொல்வதே முடிவு, அதற்காக அவர் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம், தங்காத கூடார இரவுக்குப் பணம் திரும்பும் என்று முன்பதிவுத் தாளில் எழுதிவிடுங்கள். ஆறு நாள்தான் லீவு என்பவரிடம், ஏரியை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அடுத்த சீசனுக்குப் பணம் வாங்கத் தொடங்குமுன் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
பணம் கட்டக் காத்திருக்கும் ஒரு பயணி