பூச்சு வேலைக்கு முன் ஒரு பைப்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் இப்போது எழும்பும் வீடுகளில் லைற்றுக்கும் ஏசிக்கும் கமராவுக்கும் சுவருக்குள் பைப் இறக்குகிறார்கள். இணையத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "வைஃபை இருக்குத்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். குடிபுகுந்த பிறகு பார்த்தால் பைபர் (கண்ணாடி இழை) இணையம் வரும் ரவுட்டர் பெட்டி விறாந்தை மூலையில் இருக்கும், பிள்ளை படிக்கிற அறை குசினிக்குப் பின்னால் இருக்கும். பெயின்ற் அடித்த சுவரை வெட்ட மனம் வராது. வீடு கட்டுவோரும் வயறிங் வேலை செய்வோரும் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வைஃபையில் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். கம்பி கட்டிய கொங்கிறீற்றும், பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவரும் அதைப் பெருமளவு தடுத்துவிடும். மாரியில் ஈரம் ஊறிய சுவர் இன்னும் மோசம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை கூடுதல் தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று முட்டாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. நகரப்பக்க ஒழுங்கைகளில் அயல் வீட்டு ரவுட்டர்களும் அவற்றிலேதான் நிற்கும். அதோடு, ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பின்னறையில் சிக்னல் குறைந்த போன் ஒன்று மெதுவாகத் தரவிறக்கினால் அது நேரத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். முன்னால் ரீவி நின்று நின்று ஓடுவது அதனால்தான். அதற்காகப் பெரிய பக்கேஜுக்கு மாறிப் பயனில்லை.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீற்றர் வாங்குவோர் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். அரைகுறையாகக் கேட்டதை அது அரைகுறையாகவே திருப்பிச் சொல்லும். பாதிவழியில் வைத்தாலும், வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசை என்றால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

என் கணக்கு எளிது. இடம் மாறாத கருவிக்கு ரவுட்டரிலிருந்து லான் வயர் (இணையக் கேபிள்): ரீவி, மேசைக் கணினி, கமராப் பெட்டி. கையில் தூக்கித் திரிவதற்கு வைஃபை. பின்பக்கத்துக்கு வைஃபை வேண்டுமென்றால் அங்கே இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வயரில் கொண்டுபோய் வையுங்கள். பழைய ரவுட்டரே போதும். முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த எண்ணை முதன்மை ரவுட்டர் வேறு கருவிக்கு வழங்காதபடி அதன் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) வரிசையை 10இலிருந்து தொடங்குங்கள். இரண்டாவதில் டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள். வயரை வெளி இணையத்துக்கான வான் (WAN) போர்ட்டில் அல்ல, வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட்டில் செருகுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், அலைவரிசை வேறாக இருக்கட்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கும். வைஃபை குறி முழுதாகத் தெரியும், இணையம் வராது.

கேபிளில்தான் கூடுதலான ஏமாற்று. கேட் 5ஈ (Cat 5e) என்ற தரத்து லான் கேபிளே 100 மீற்றர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) தாங்கும். சுவருக்குள் போவது திரும்ப மாற்றக் கடினமானது என்பதால் அதற்கு அடுத்த தரமான கேட் 6 போடச் சொல்வேன். எதுவானாலும் முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. வாங்கும்போது ஒரு இழையை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அது இரண்டு மூன்று தரம் வளைத்தால் முறியும், கமராவுக்கு அதே வயரில் மின் அனுப்பினால் சூடேறும்.

கேபிள் முனையில் பிளக் அடிக்கும்போது இழைகளின் நிறவரிசை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இழைச் சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. 100 மெகாபிட்டுக்கு இந்த வரிசையில் 1, 2, 3, 6ஆம் இழைகள் மட்டும் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே கணினியில் 1000 வராமல் 100 என்று காட்டினால் முதலில் நீல, மண்ணிற இழைகளைப் பாருங்கள். ரீவியில் 100 காட்டினால் கவலை வேண்டாம். பல ரீவிகளின் போர்ட்டே அவ்வளவுதான், 4கே படத்துக்கு அது தாராளம்.

பைப் 25 மில்லிமீற்றர் இருக்கட்டும். வளைவுகள் பெரிதாக வேண்டும், கூரான எல்போ வேண்டாம். உள்ளே ஒரு நைலோன் கயிறு விட்டுவைத்தால் பிறகு இன்னொரு கேபிள் இழுக்கலாம். கறண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதை விடவே கூடாது. பக்கத்தில் போக வேண்டுமென்றால் ஓரடி தள்ளியும், குறுக்கிட வேண்டுமென்றால் செங்குத்தாகவும் போகட்டும். வெயில் படும் இடத்தில் வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை வெடித்துப் பிளந்துவிடும். வெளியிடத்துக்கென்று வரும் கறுப்பு உறைக் கேபிளே வேண்டும்.

மின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து மதில் கமராவுக்கோ தனிக் கட்டடத்துக்கோ செம்புக் கேபிள் இழுத்தால், அருகே இடி விழும்போது அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் ரவுட்டரையும் அதோடு இணைந்த ரீவியையும் சேர்த்துக் கருக்கிவிடும். தனிக் கட்டடத்துக்குப் பைபரே பாதுகாப்பு. இரு முனையிலும் பைபரை லானாக மாற்றும் சிறு பெட்டி ஒவ்வொன்று தேவை. சித்திரையிலும், ஐப்பசி முதல் கார்த்திகை வரையும் இடி தொடங்குமுன் அடப்டரை மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள்.

பூச்சு வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும், பைப் நிலத்திலிருந்தும் கதவு நிலையிலிருந்தும் எத்தனை அங்குலத்தில் போகிறது என்று தெரியும்படி அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். கேபிளின் இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வயறிங் மதிப்பீடு எழுதுவோர் லைற் பொயின்ற், பிளக் பொயின்ற் என்று எழுதும் இடத்திலேயே லான் பொயின்றுக்கும் ஒரு வரி சேர்த்து, எத்தனை வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

வலையமைப்பு வேலை செய்பவர்,
கொக்குவில்.