ஊசிக்குப் பணம் வேண்டாம், செய்தி அனுப்பு

சோழவந்தான்
20.1.2026

அன்பு மகன் பிரபுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். 9 லட்சம் லோன் போட்டு, அடிபட்ட நரம்பைச் சரிசெய்யும் என்று சொல்கிற அந்த ஸ்டெம் செல் (மூல செல்) ஊசி போட என்னைக் கூட்டிப்போவதாக நீ சொன்னதும் தொண்டை அடைத்துவிட்டது. அழுதுகொண்டே வேண்டாம் என்றால் பயத்தில் சொல்கிறேன் என்று நினைப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகுக்குத் தலையணை வைக்காமல் உட்கார்ந்துதான்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். மருத்துவச் செய்தி எதையும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம், ஆசைப்பட்டு ஏமாந்துவிடுவாள் என்றாயாம். கிரிக்கெட் பேச்சையும் நிறுத்திவிட்டாய். முன்பெல்லாம் டாஸ் போட்டதும் உன் போன் வரும். இப்போது சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். தம்பி, எனக்கு அடிபட்டது முதுகில். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு.

நீ ஊரில் இல்லாத நாட்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் பரணைத் துடைக்க ஏணியில் ஏறி விழுந்தேன் அல்லவா, விழுந்த நிமிஷமே கால் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வலி இடுப்புக்கு மேலே மட்டும். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கை இரண்டு பேர், கால் இரண்டு பேர் என்று தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். முதுகெலும்பில் டி12 என்ற எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் கம்பி, திருகு. "இன்கம்ப்ளீட்தான், கொஞ்சம் சிக்னல் போகிறது" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதம் போனது.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தண்டுவடத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்து காட்டியவள் நான். நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி சாம்பல் நிறம், சுற்றிலும் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பு மறுபடி வளராது என்று சொல்லி, அதை அடிக்கோடு போடச் சொல்லுவேன். இரண்டு மார்க் கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த வரிதான். எத்தனை பிள்ளைகளிடம் அதை ஒப்பிக்கக் கேட்டிருப்பேன்!

அந்த நேரத்தில்தான் நீ இருக்கும் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்குச் சீனாவின் டிங் லிரெனோடு ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைக் கட்டை உருட்டுவது போல ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைப்பார்கள். அப்பா போனைக் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார். பதினான்கு ஆட்டம், மூன்று வாரம். முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காயில் தோற்றான். மூன்றாவதில் ஜெயித்தான். அப்புறம் நாள் கணக்கில் டிரா, டிரா. பதினொன்றாவதை எடுத்தான், பன்னிரண்டாவதை டிங் லிரென் எடுத்துக்கொண்டார். 2024 டிசம்பர் 12, கடைசி ஆட்டமும் டிராவில்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்தபோது, டிங் 55வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பார்த்துவிட்டு, உடனே கை வைக்காமல், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயசுப் பிள்ளை! ஒன்றும் நடக்காத நாட்களையும் உட்கார்ந்து ஆடித்தான் தீர்க்க வேண்டும் என்பதை நான் அந்தக் கட்டிலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கும் அப்போது தினம் டிராதான்.

வலது கால் பெருவிரல் முதன்முதலாக அசைந்தது ஜனவரியில். அன்று எந்த ஆட்டமும் இல்லை, எந்தச் செய்தியும் இல்லை. அப்பா கால் மாட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணு" என்றார். பண்ணினேன். நெல் மணி அளவுதான் அசைந்தது.

அந்த மாதத்திலிருந்து ஒரு பழைய ரிஜிஸ்தர் வைத்திருக்கிறேன். இடது பக்கம் என் கணக்கு: எத்தனை நிமிஷம் நின்றேன், எத்தனை அடி நடந்தேன். வலது பக்கம் படித்த ஆராய்ச்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி எழுதுவேன். எத்தனை பேருக்குச் செய்தார்கள்? அடிபட்டு எவ்வளவு நாளில் செய்தார்கள்? செய்யாமல் விட்ட ஆட்களோடு ஒப்பிட்டார்களா? இந்த மூன்றும் இல்லாத செய்தியை நான் படிப்பேன், ஆனால் எழுதமாட்டேன்.

அப்படி எழுதியதில் நாலைந்து உனக்குச் சொல்கிறேன், நீயே பார்.

ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரணச் செல்லை மறுபடி மூல செல் நிலைக்குக் கொண்டுபோனது) நரம்புச் செல்லாக மாறக்கூடிய மூல செல்லை வளர்த்து, நான்கு பேருக்குத் தண்டுவடத்தில் ஊசியாகப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் செல். 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள். ஒருவர் எழுந்து நின்று நடைப்பயிற்சி எடுக்கிறார், இன்னொருவர் கையை அசைத்துச் சாப்பிடுகிறார், மற்ற இருவருக்கும் பெரிதாக மாற்றமில்லை. அன்று பேப்பரைப் படித்துவிட்டு அழுதேன், மறைக்கவில்லை. அப்புறம் ரிஜிஸ்தரை எடுத்தேன். நான்கே பேர். எல்லோருக்கும் அடிபட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் போட்டது. ஊசி இல்லாமலும் சிலருக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தேறும், ஒப்பிட ஆள் இல்லை. எனக்கு அடிபட்டுப் பதினைந்து மாதம் ஆகப்போகிறது. தழும்பு காய்ந்த இடம். அவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் அது இன்றைக்கு எனக்கான ஊசி இல்லை. உன்னிடம் 9 லட்சம் கேட்கிறவர்கள் இந்தச் செய்தியைத்தான் காட்டியிருப்பார்கள்.

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் கூர்தீன் என்ற விஞ்ஞானியும் ஜோஸ்லின் ப்ளோக் என்ற நரம்பு அறுவை டாக்டரும் வேறு வழியில் போகிறார்கள். செல்லை வளர்ப்பதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடத்தின் மேல் மின்முனைகளை வைத்து, தூங்கும் நரம்பை எழுப்புகிறார்கள். 2011இல் சைக்கிளில் போய் அடிபட்ட நெதர்லாந்துக்காரர் ஒருவருக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் கம்பியில்லாப் பாலம் போட்டார்கள். 2023இல் வெளிவந்தது. நினைத்தால் கால் எடுத்துவைக்கிறார். கருவியை அணைத்த பிறகும் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம்! அந்த வரிக்கு நான் இரண்டு கோடு போட்டேன்.

அப்புறம் ஆபரேஷனே இல்லாமல், கழுத்துத் தோலின் மேல் ஒட்டி மின்சாரம் கொடுக்கும் கருவி. 60 பேருக்குப் பயிற்சியோடு சேர்த்துச் செய்ததில் 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் வேலையும் கூடியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கைக்குத்தான், காலுக்கு இல்லை. என் கை நன்றாக இருக்கிறது. ஆனாலும் யாருக்கோ ஒருவருக்கு டம்ளர் பிடிக்க முடிகிறது என்று படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்போது உன் ஊசி. நீ அனுப்பிய பெயரை வைத்து, மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேட்டில் தேடினேன். அந்த இடத்தின் பெயரில் ஒன்றும் இல்லை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இலேயே வழிகாட்டி நெறி போட்டிருக்கிறது. ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று மாதிரிச் சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது, அனுமதி வாங்கிய ஆய்வில் மட்டும்தான் கொடுக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். காசு கேட்டால் அது ஆய்வு இல்லை, வியாபாரம். என் ஆசை மேல் வியாபாரம் பண்ண நான் விடமாட்டேன், அதுவும் நீ பத்து மணி நேரம் நின்று சம்பாதிக்கும் காசில்.

விளையாட்டுக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத ஒரு விஷயம். வீல்சேரில் தொடர்ந்து உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும், எனக்கு அங்கே உணர்ச்சி குறைவு என்பதால் வந்தாலும் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்தால் மறந்துபோகும். மேட்ச் பார்த்தால் மறக்காது. நாலு ஓவருக்கு ஒருமுறை தூக்கு. பேட்டர் கிளவுஸ் மாற்றும்போது தூக்கு. தண்ணீர் இடைவேளையில் அப்பா என்னைக் கட்டிலுக்கு மாற்றிப் பத்து நிமிஷம் குப்புறப் படுக்கவைப்பார். போன வருஷம் உலகக் கோப்பை அரையிறுதியில் நம் பெண்கள் ஆஸ்திரேலியாவின் 338ஐத் துரத்திப் பிடித்தபோது ஜெமிமா 127 அடித்துக் கடைசி வரை நின்றாளே, அன்று நானும் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 2, பைனல். மழையால் தாமதம். 298 அடித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவை 246இல் உருட்டினார்கள், தீப்திக்கு ஐந்து விக்கெட். நடுராத்திரி தாண்டி எல்லோரும் மைதானத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வீல்சேர் வந்தது. பிரதிகா ராவல். காலில் அடிபட்டு நாக் அவுட்டில் ஆடமுடியாமல் போன பிள்ளை. தோளில் கொடியைப் போர்த்திக்கொண்டு சிரிக்கிறாள். அவளை யாரும் ஓரமாக நிறுத்தவில்லை, நடுவில் கொண்டுபோனார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று உனக்குப் போன் பண்ண எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீ பேசியிருக்க வேண்டும் ராசா.

பாரிஸ் பாராலிம்பிக் நான் விழுவதற்கு ஒன்றரை மாதம் முன்பு முடிந்தது. அப்போது நம் மாரியப்பன் வெண்கலம் வாங்கியதை மட்டும் பார்த்துவிட்டு டி.வி.யை அணைத்தேன். விழுந்த பிறகுதான் தேடிப் போய் தரம்வீர் ஆடியதைப் பார்த்தேன். கால்வாயில் ஆழம் தெரியாமல் குதித்துத் தண்டுவடம் அடிபட்டவர். கிளப் த்ரோ என்று மரக்கட்டையை வீசும் போட்டி. நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும், மரக்கட்டையைப் பிடிக்க விரலுக்குப் பலம் இல்லை. முதல் நான்கு வீச்சும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர், தங்கம். அந்த நான்கு ஃபவுலையும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

ஹாக்கி ஜூனியர் உலகக் கோப்பை மதுரை ரேஸ்கோர்ஸுக்கே வந்தது. அப்பாவைக் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்ததைப் பார்த்துவிட்டு வந்து, பந்து பலகையில் மோதும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். பதிமூன்று மாதத்தில் அவர் எனக்காக அல்லாமல் வெளியே போனது அன்று ஒரு நாள்தான்.

பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு மட்டும் இந்த வருஷம் முழுசாகப் பார்க்கமுடியவில்லை. பிடிக்காமல் இல்லை, பாலமேட்டுக்காரியின் ரத்தம்தான் எனக்கும். ஒரு பையன் முதுகு அடிபட விழுந்தான். விழுந்த உடனே தூக்க ஓடினார்கள். "தூக்காதீங்கடா, அப்படியே விடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் அசையாமல் பலகையில் ஏற்ற வேண்டும். 108க்குச் சொல்லிவிட்டு, தலையை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாலே போதும். நம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். என்னை டீச்சர் என்று மறுபடி கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு செய்தி. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராகப் போடுவதற்குப் போன ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது அல்லவா, பேரூராட்சிக்கு மனுக் கொடுக்கச் சொல்லி அப்பா நச்சரிக்கிறார். வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு மூன்று படி ஏறினால்தான் சான்றிதழ் என்ற ஊரில் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். கொடுக்கப் போகிறேன்.

சரி, உன் பணத்துக்கு வேலை சொல்கிறேன். ஃபிசியோ தம்பி வாரம் மூன்று நாள் வருகிறார், ஐந்து நாளாக்கு. காற்று அடைத்த நல்ல குஷன் ஒன்று அங்கே விலை கேள். என்னை எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குக் கூட்டிப்போ. 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா, 1981இல் ஆரம்பித்த அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனியாகவே பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு மாதம் தங்க எனக்கு ஆசை.

வாக்கர் பிடித்து வாசலிலிருந்து முருங்கை மரம் வரை 22 அடி. இடது பாதம் இன்னும் தொங்குகிறது, பிளாஸ்டிக் அட்டை போட்டுக்கொள்கிறேன். சித்திரைக்கு லீவு போட்டு வா. நம் ஊர்ப் பெருமாள் ஆற்றில் இறங்கும்போது படித்துறை வரை வீல்சேர் போகும், மணலில் ஓடாது. அங்கிருந்து ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அப்பா. எத்தனை அடி என்று இப்போதே அப்பாவைக் கயிறு போட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மேட்ச் டாஸ் போட்டதும் போன் பண்ணு.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

உன் அம்மா